தில்லி சாலையோரக் கற்களில் கடைசி முகலாய மன்னர்

தலைநகர் தில்லியில் நாளிதழ் அலுவலகங்கள் வரிசையாக அமைந்துள்ள சாலைக்குப் பகதூர் ஷா ஜாபர் மார்க் என்று பெயர். அந்தச் சாலையில், மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரிக்கு எதிரே, ஷேர் ஷா காலத்துக் கோட்டை வாயில் ஒன்று நிற்கிறது. மக்கள் அதைக் கூனி தர்வாஜா, அதாவது ரத்த வாயில் என்று அழைக்கின்றனர். 1857-ம் ஆண்டு செப்டம்பர் 22-ம் தேதி, சரணடைந்து நிராயுதபாணிகளாக நின்ற ஜாபரின் இரு மகன்களையும் பேரன் ஒருவரையும் ஆங்கிலேய அதிகாரி ஹட்சன் இந்த வாயிலருகே சுட்டுக் கொன்றார். மகன்களின் ரத்தம் சிந்திய சாலைக்கே தந்தையின் பெயர் பிற்காலத்தில் சூட்டப்பட்டது. நாள்தோறும் அவ்வழியே செல்லும் பல்லாயிரம் பேரில் இத்தொடர்பை அறிந்தவர்கள் மிகச் சிலரே.

1857 எழுச்சியின் தடயங்கள் தில்லியில் பெரும்பாலும் சாலையோரக் கற்களாகவே எஞ்சியுள்ளன. அவற்றில் பலவற்றை எழுதியவர்கள் வென்றவர்கள். சிலவற்றில் சுதந்திர இந்தியா மறுப்புரை சேர்த்துள்ளது. ஆனால் எந்த மன்னரின் பெயரால் அந்த எழுச்சி நடந்ததோ, அவர் தமக்கென விரும்பிய இடம் தில்லியில் இன்னும் வெறுமையாகவே கிடக்கிறது.

கோட்டைக்குள் சுருங்கிய பேரரசு

அபூ ஜாபர் 1775-ம் ஆண்டு அக்டோபர் 24-ம் தேதி தில்லியில் பிறந்தார். தந்தை இரண்டாம் அக்பர் ஷா. தாய் லால் பாய். அப்போது அரியணையில் இருந்தவர் பாட்டனார் இரண்டாம் ஷா ஆலம். 1765-ல் வங்காளம், பிகார், ஒரிசா மாகாணங்களின் வரி வசூல் உரிமையைக் கிழக்கிந்திய கம்பெனிக்கு வழங்கியவர் அவர்தான். சட்டப்படி கம்பெனி அன்று முகலாயப் பேரரசரின் திவான். இந்தச் சட்ட நிலை 90 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு நீதி விசாரணையில் பெரும் கேள்வியாக எழ வேண்டியிருந்தது.

1803-ல் மராட்டியரைத் தோற்கடித்து கம்பெனிப் படை தில்லிக்குள் நுழைந்தது. அதன்பின் பேரரசர் கம்பெனியின் ஓய்வூதியதாரர் ஆனார். நாணயங்களில் மட்டும் 1835 வரை முகலாயப் பேரரசரின் பெயர் நீடித்தது. அந்த ஆண்டில் அதுவும் நீக்கப்பட்டது. தமக்கு வழங்கப்படும் தொகையை உயர்த்துமாறு கோர இரண்டாம் அக்பர் ஷா 1830-ல் தூதர் ஒருவரை இங்கிலாந்துக்கு அனுப்பினார். ராஜா என்ற பட்டம் அளித்து அவர் அனுப்பிய அந்தத் தூதர், வங்காளத்தின் சமூகச் சீர்திருத்தவாதி ராம்மோகன் ராய்.

ஜாபர் மூத்த மகன் என்றாலும் தந்தையின் விருப்பத்துக்குரிய வாரிசு அல்லர். இளையவரான மிர்சா ஜகாங்கீரை அரியணையில் அமர்த்தவே அக்பர் ஷாவும் அவரது துணைவி மும்தாஜ் மகலும் விரும்பினர். ஆனால் ஜகாங்கீர் செங்கோட்டையில் ஆங்கிலேய ரெசிடெண்டை நோக்கிச் சுட்டதால் அலகாபாதுக்கு நாடு கடத்தப்பட்டார். மகன் திரும்பி வந்தால் மெஹ்ரோலியில் உள்ள குத்புதீன் பக்தியார் காகி தர்காவில் மலர்ப் போர்வை சாத்துவதாகத் தாய் நேர்ந்துகொண்டார். அந்த நேர்த்திக்கடனிலிருந்து பிறந்ததே தில்லியின் பூ வியாபாரிகள் ஊர்வலத் திருவிழா. தர்காவுக்கும் அருகிலுள்ள யோகமாயா கோயிலுக்கும் இரு சமயத்தாரும் சேர்ந்து மலர் காணிக்கை செலுத்தும் இவ்விழாவை ஜாபர் தம் ஆட்சிக் காலத்தில் ஆர்வத்துடன் நடத்தினார். 1940-களில் ஆங்கிலேய அரசு தடுத்து நிறுத்திய இவ்விழா, ஜவாஹர்லால் நேரு பிரதமராக இருந்தபோது 1960-களின் தொடக்கத்தில் மீண்டும் உயிர்பெற்றது.

ஜகாங்கீர் இளம் வயதிலேயே இறந்தார். 1837-ம் ஆண்டு செப்டம்பரில் தந்தை மறைந்ததும் ஜாபர் அரியணை ஏறினார். அப்போது அவருக்கு வயது 61. ஆட்சிப் பரப்பு ஏறத்தாழ செங்கோட்டைச் சுவர்களுக்குள் அடங்கியிருந்தது. மாதம் ஒரு லட்சம் ரூபாய் உதவித்தொகை. கோட்டைக்குள் வாழ்ந்த முகலாயக் குலத்தோர் நூற்றுக்கணக்கானோருக்கும் அதிலிருந்தே படியளக்க வேண்டியிருந்தது.

கவிஞரின் அரசவை

அதிகாரம் இல்லாத அரசவையில் இலக்கியம் செழித்தது. ஜாபர் என்பது மன்னரின் புனைபெயரும்கூட. வெற்றி என்பது அதன் பொருள். அவருடைய உருதுக் கவிதைகள் நான்கு தொகுதிகளாக உள்ளன. அவருக்குக் கவிதை ஆசானாக இருந்தவர் ஜவுக். 1854-ல் ஜவுக் மறைந்ததும் அந்த இடத்துக்கு வந்தவர் மிர்சா காலிப். எழுத்தணிக் கலையிலும் தோட்டக் கலையிலும் மன்னருக்குத் தேர்ச்சி இருந்தது. சூஃபி நெறியில் ஈடுபாடு கொண்டிருந்த அவரைப் பலர் ஞான குருவாகவும் ஏற்றிருந்தனர். ஹோலியும் தசராவும் கோட்டைக்குள் கொண்டாடப்பட்டன.

சிறையில் அவர் எழுதியதாக இன்று பலரும் பாடும் கவிதைகள் சில உண்டு. சொந்த மண்ணில் புதைக்கப்பட இரண்டு முழம் நிலம்கூடக் கிடைக்கவில்லையே என்ற ஏக்கத்தைச் சொல்லும் கஜல் அவற்றில் புகழ்பெற்றது. அதை எழுதியவர் அவர்தானா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உள்ளது. எனினும் அக்கருத்து அவருடைய வாழ்வின் முடிவோடு பொருந்திப் போனதால் மக்கள் மனத்தில் அது அவருடையதாகவே நிலைத்துவிட்டது.

மன்னருக்கு இருந்த மரியாதைகளைக் கம்பெனி ஒவ்வொன்றாகப் பறித்தது. ஆங்கிலேய அதிகாரிகள் பேரரசருக்குக் காணிக்கை அளிக்கும் வழக்கத்தை 1843-ல் கவர்னர் ஜெனரல் எல்லன்பரோ நிறுத்தினார். மூத்த மகன் தாரா பக்த் 1849-ல் இறந்ததும் வாரிசுரிமைப் பூசல் எழுந்தது. இளைய அரசி ஜீனத் மகல் தம் மகன் ஜவான் பக்துக்காக வாதாடினார். ஆங்கிலேயர் மிர்சா ஃபக்ருவை ஏற்றனர். பட்டத்துக்கு வந்தபின் செங்கோட்டையைக் காலி செய்து மெஹ்ரோலிக்குச் செல்ல வேண்டும் என்பது 1852-ல் அவரிடம் பெறப்பட்ட உறுதிமொழி. 1856-ல் அவரும் காலராவுக்குப் பலியானார். ஜாபருக்குப் பின் எவருக்கும் மன்னர் பட்டம் கிடையாது என்று கானிங் நிர்வாகம் முடிவு செய்தது. முகலாய வம்சத்தின் முடிவு, சிப்பாய்கள் வந்து சேர்வதற்கு முன்பே கோப்புகளில் எழுதப்பட்டுவிட்டது.

மீரட்டிலிருந்து வந்த குதிரைகள்

1857 மே 10-ம் தேதி மீரட்டில் எழுச்சி வெடித்தது. மறுநாள் காலை அங்கிருந்து குதிரைகளில் வந்த சிப்பாய்கள் யமுனையின் படகுப் பாலத்தைக் கடந்து, அரண்மனைச் சாளரத்தின் கீழ் நின்று மன்னரை அழைத்தனர். 81 வயது முதியவர் முதலில் தயங்கினார். தம்மிடம் பணமோ படையோ இல்லை என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். ஆனால் அன்று மாலைக்குள் சிப்பாய்கள் கோட்டைக்குள் நிறைந்துவிட்டனர். அவர்களின் தலைகள் மீது கை வைத்து மன்னர் ஆசி வழங்கினார். தயக்கத்துடன் நிகழ்ந்த அந்தச் செயலே சிப்பாய்க் கலகத்துக்கு அரசியல் உருவம் தந்தது. கான்பூரில் நானா சாகிபும், லக்னௌவில் பிர்ஜிஸ் கத்ரின் பெயரால் ஆண்டவர்களும் தில்லிப் பேரரசரின் மேலாண்மையை ஏற்றனர்.

அடுத்த நான்கு மாதங்கள் மன்னருக்கு நிம்மதி இல்லை. கோட்டையில் அடைக்கப்பட்டிருந்த ஐரோப்பியக் கைதிகள் ஏறத்தாழ 50 பேர், பெண்களும் குழந்தைகளும் உள்பட, மே 16-ம் தேதி கொல்லப்பட்டனர். மன்னர் அதை விரும்பவில்லை. தடுக்கவும் அவரால் இயலவில்லை. தில்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள அந்தக் காலத்துப் பாரசீக, உருது ஆவணங்கள் ஆயிரக்கணக்கானவை. சிப்பாய்கள் கடைகளைச் சூறையாடுவதாக வணிகர்கள் அளித்த மனுக்கள், சம்பளம் கேட்டு வந்த படைப்பிரிவுகளின் முறையீடுகள், காவல் நிலையங்களுக்கு அனுப்பப்பட்ட உத்தரவுகள் எனப் பலவும் அவற்றில் அடங்கும். வருவாய் இல்லாத அரசு ஒரு நகரத்தையும் ஒரு படையையும் சுமக்கத் திணறியதை அவை காட்டுகின்றன.

ஒரு விஷயத்தில் மன்னர் உறுதியாக நின்றார். 1857 ஆகஸ்ட் 1-ம் தேதி வந்த பக்ரீத் திருநாளில் தில்லியில் பசுவதை கூடாது என்று தடை விதித்தார். தடை கடுமையாக நிறைவேற்றப்பட்டது. முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயர் எதிர்பார்த்த இந்து - முஸ்லிம் மோதல் அன்று நிகழவில்லை.

ஜூன் 8-ம் தேதி முதல் நகருக்கு வடமேற்கே உள்ள மலைமுகட்டில் ஆங்கிலேயப் படை நிலைகொண்டிருந்தது. செப்டம்பர் 14-ம் தேதி கஷ்மீரி வாயிலை வெடி வைத்துத் தகர்த்து உள்ளே நுழைந்தது. ஒரு வாரத் தெருச் சண்டைக்குப் பிறகு நகரம் வீழ்ந்தது. தளபதி பக்த் கான் தம்முடன் வந்து போரைத் தொடருமாறு மன்னரை அழைத்தார். அவர் செல்லவில்லை, தம் மூதாதையான ஹுமாயூனின் கல்லறை வளாகத்தில் தஞ்சமடைந்தார். உயிருக்கு உத்தரவாதம் அளித்த ஹட்சனிடம் அங்கேயே சரணடைந்தார். அதன்பின் மிர்சா முகல், மிர்சா கிஸ்ர் சுல்தான், பேரன் மிர்சா அபூ பக்ர் ஆகிய மூவரும் பிடிபட்டனர். அவர்களுக்கு அத்தகைய உத்தரவாதம் அளிக்கப்படவில்லை. ரத்த வாயிலருகே சுடப்பட்ட அவர்களின் உடல்கள் சாந்தினி சௌக் கொத்தவால் சாவடி முன் போடப்பட்டன.

யார் மீது யார் வழக்கு?

1858 ஜனவரி 27-ம் தேதி செங்கோட்டையின் திவான்-இ-காஸ் மண்டபத்தில் விசாரணை தொடங்கியது. முன்னோர் மயிலாசனத்தில் வீற்றிருந்த அதே மண்டபத்தில் பேரன் குற்றவாளியாக நிறுத்தப்பட்டார். ஆங்கிலேய அரசின் குடிமகனாகவும் ஓய்வூதியதாரராகவும் இருந்துகொண்டு கலகத்துக்குத் துணைபோனார், தம்மைப் பேரரசராக அறிவித்துக்கொண்டார், கொலைகளுக்கு உடந்தையாக இருந்தார் என்பவை குற்றச்சாட்டுகளின் சாரம். மார்ச் 9-ம் தேதி அனைத்துக் குற்றச்சாட்டுகளிலும் அவர் குற்றவாளி என ராணுவ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உயிருக்கு உத்தரவாதம் தரப்பட்டிருந்ததால் மரண தண்டனைக்குப் பதில் நாடு கடத்தல் விதிக்கப்பட்டது.

இவ்விசாரணையின் சட்ட அடிப்படை பின்னர் வரலாற்றாசிரியர்களால் கேள்விக்கு உள்ளானது. கம்பெனி பேரரசரின் திவானாகவே இந்தியாவில் வரி வசூலிக்கும் உரிமை பெற்றது. அந்த மேலாண்மையை முறைப்படி ரத்து செய்யும் ஒப்பந்தம் எதுவும் இல்லை. எனவே கலகம் செய்தது பேரரசர் அல்லர், கம்பெனிதான் என்பது எஃப்.டபிள்யூ. பக்ளர் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1922-ல் முன்வைத்த வாதம். அதே செங்கோட்டையில் 1945 நவம்பரில் இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள் மீது விசாரணை தொடங்கியபோது, அரசுக்கு எதிரான போர் என்ற அதே வகைக் குற்றச்சாட்டு மீண்டும் படிக்கப்பட்டது. அம்முறை நாடே அவர்கள் பக்கம் திரண்டது.

1858 அக்டோபர் 7-ம் தேதி விடியுமுன் மாட்டு வண்டிகளில் ஏற்றப்பட்டு ஜாபர் தில்லியை விட்டு வெளியேற்றப்பட்டார். ஜீனத் மகலும் இரண்டு இளைய மகன்களும் உடன் சென்றனர். வண்டிகள் கிழக்கு நோக்கிச் சென்றுகொண்டிருந்தபோது, நவம்பர் 1-ம் தேதி அலகாபாதில் விக்டோரியா மகாராணியின் பிரகடனம் வாசிக்கப்பட்டது. கம்பெனி ஆட்சி முடிந்து மகுடத்தின் நேரடி ஆட்சி தொடங்கியது. கல்கத்தாவிலிருந்து கப்பலேற்றப்பட்ட கைதிகள் டிசம்பரில் ரங்கூனை அடைந்தனர். பின்னால் விட்டுவந்த கோட்டையின் உட்கட்டடங்களில் பெரும்பகுதி இடிக்கப்பட்டு ராணுவக் குடியிருப்புகள் எழுந்தன.

பெயரில்லாத கல்லறை

ஷ்வேடகோன் பகோடாவுக்கு அருகே ஒரு மரவீட்டில் நான்கு ஆண்டுகள் காவலில் கழிந்தன. கவிஞருக்கு எழுதுகோலும் தாளும் மறுக்கப்பட்டன. 1862 நவம்பர் 7-ம் தேதி அதிகாலையில், 87-வது வயதில் ஜாபர் காலமானார். அன்று மாலையே காவல் வளாகத்துக்குள் புதைக்கப்பட்டார். மண்மேடு எழுப்பப்படவில்லை. மேலே புல் பதிக்கப்பட்டு, சுற்றிலும் மூங்கில் வேலி மட்டும் போடப்பட்டது. வேலி மக்கி வீழும்போது புல் பரவி இடமே அடையாளம் தெரியாமல் போகும் என்று பொறுப்பதிகாரி தம் அறிக்கையில் பதிவு செய்தார். 1886-ல் ஜீனத் மகலும் இறந்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரங்கூன் முஸ்லிம்கள் கல்லறையை அடையாளப்படுத்துமாறு கோரினர். அதற்குள் சரியான இடம் மறந்துவிட்டிருந்தது. அரசு 1907-ல் ஒரு கல் நாட்ட ஒப்புக்கொண்டது. தில்லியின் முன்னாள் மன்னர் இன்ன தேதியில் இறந்து இவ்விடத்துக்கு அருகே புதைக்கப்பட்டார் என்ற அளவில் அதன் வாசகம் அமைந்தது. எந்த இடம் என்று சொல்ல இயலாத கல் அது. 1991 பிப்ரவரியில் வடிகால் தோண்டிய தொழிலாளர்கள், தரைக்குக் கீழே ஏறத்தாழ மூன்றரை அடி ஆழத்தில் செங்கல் கட்டிய கல்லறை ஒன்றைக் கண்டனர். அது ஜாபருடையது என்று ஏற்கப்பட்டது. வழிபட்டு வந்த இடத்திலிருந்து சில அடிகள் தள்ளி அது இருந்தது. 1994-ல் அங்கு நினைவு மண்டபம் திறக்கப்பட்டது.

கல் இல்லாத காலத்திலும், கல் தவறிய இடத்திலும் நினைவு மட்டும் மறையவில்லை. 1943-லும் 1944-லும் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் அந்தக் கல்லறை முன் இந்திய தேசிய ராணுவத்தின் அஞ்சலி நிகழ்ச்சிகளை நடத்தினார். தில்லி செல்வோம் என்று முழங்கிய அப்படையில் மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் ஏராளம். ராஜீவ் காந்தி 1987-லும், குடியரசுத் தலைவராக அப்துல் கலாம் 2006-லும், மன்மோகன் சிங் 2012-லும், நரேந்திர மோடி 2017-லும் அங்கு மரியாதை செலுத்தினர். கட்சி வேறுபாடு இன்றி இந்தியத் தலைவர்கள் தலைவணங்கிய அயல்நாட்டு நினைவிடங்களில் அது ஒன்று.

திருத்தப்பட்ட கற்கள்

தில்லியில் வென்றவர்கள் கல் நாட்டத் தாமதிக்கவில்லை. மலைமுகட்டில் 1863-ல் செம்மணற்கல்லால் கோதிக் பாணி நினைவுத் தூண் எழுந்தது. இறந்த ஆங்கிலேய அதிகாரிகளின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டன. கஷ்மீரி வாயிலைத் தகர்த்த பொறியாளர் படையினருக்கு 1876-ல் நேப்பியர் பிரபு கல்வெட்டு வைத்தார். லோதியன் சாலையில் ஆயுதக் கிடங்கைக் காத்த ஆங்கிலேயர்களுக்கு ஒரு கல்வெட்டும், தந்தி அலுவலக ஊழியர்களுக்கு 1902-ல் ஒரு தூணும் அமைந்தன. கஷ்மீரி வாயில் அருகே தளபதி நிக்கல்சனின் சிலை நின்றது.

சுதந்திரத்துக்குப் பின் நிக்கல்சன் சிலை அகற்றப்பட்டு வட அயர்லாந்துக்குச் சென்றது. மற்ற கற்களை அரசு உடைக்கவில்லை. 1972-ல், சுதந்திர வெள்ளி விழா ஆண்டில், மலைமுகட்டுத் தூணுக்கு அஜீத்கட் என்று புதுப்பெயர் சூட்டப்பட்டது. பழைய கல்வெட்டு எதிரி என்று குறிப்பவர்கள், அன்னிய ஆட்சியை எதிர்த்து உயிர்நீத்த இந்தியர்கள் என விளக்கும் பலகை அதில் பதிக்கப்பட்டது. லோதியன் சாலை ஆயுதக் கிடங்கு வாயிலிலும் இதேபோல் திருத்தக் குறிப்பு சேர்க்கப்பட்டது. வென்றவர் எழுதியதும் பின்னர் விடுதலை பெற்றவர் எழுதியதும் ஒரே சுவரில் அடுத்தடுத்து உள்ளன. கல்லை இடிக்காமல் மறுப்புரை எழுதிய இம்முறை, பெயர் மாற்றங்களும் சிலை அகற்றல்களும் அரசியல் சர்ச்சையாகும் இக்காலத்தில் கவனத்துக்குரியது.

மெஹ்ரோலியின் வெற்றிடம்

மெஹ்ரோலியில் குத்புதீன் பக்தியார் காகி தர்காவை ஒட்டி ஜாபர் மகல் உள்ளது. இரண்டாம் அக்பர் ஷா கட்டிய இந்தக் கோடை மாளிகைக்கு உயர்ந்த முகப்பு வாயிலை எழுப்பியவர் ஜாபர். முகலாயர் கட்டிய கடைசிப் பெரும் கட்டடம் இது. இன்று கூரையிழந்த சிதிலமாக நிற்கிறது. அருகிலுள்ள பளிங்கு வேலிக்குள் முதலாம் பகதூர் ஷா, இரண்டாம் ஷா ஆலம், இரண்டாம் அக்பர் ஷா ஆகியோரின் கல்லறைகள் உள்ளன. அவற்றிடையே காலியாக உள்ள இடமே ஜாபர் தமக்கெனத் தேர்ந்தது என்று கூறப்படுகிறது.

அவரது எச்சங்களைத் தில்லிக்குக் கொண்டுவர வேண்டும் என்ற கோரிக்கை அவ்வப்போது எழுகிறது. 1857 எழுச்சியின் 150-வது ஆண்டு விழாவை 2007-ல் நாடே கொண்டாடியபோதும் அது நிறைவேறவில்லை. இதில் எளிய முடிவு இல்லை. யாங்கூனில் அந்தக் கல்லறை இன்று தர்காவாக மதிக்கப்படுகிறது. அங்குள்ள மக்கள் அவரை ஞானியாகக் கருதி வழிபடுகின்றனர். மறுபுறம், 1885-ல் ஆங்கிலேயரால் நாடு கடத்தப்பட்ட பர்மாவின் கடைசி மன்னர் தீபா, மகாராஷ்டிரத்தின் ரத்னகிரியில் 1916-ல் இறந்து அங்கேயே அடக்கமானார். மியான்மர் அதிபர் தெய்ன் செய்ன் 2012-ல் அங்கு சென்று அஞ்சலி செலுத்தினார். ஒரே பேரரசு தோற்கடித்த இரு மன்னர்களை இரு நாடுகளும் ஒன்றுக்கொன்று காத்து வருகின்றன.

ஜாபர் பெரும் வீரர் அல்லர். திறமையான நிர்வாகியும் அல்லர். தம் பெயரால் நடந்த கொலைகளைத் தடுக்க முடியாதவர். ஆனாலும் இந்து, முஸ்லிம் சிப்பாய்கள் ஒன்றாக ஏற்கத்தக்க ஒரு பெயரைத் தேடியபோது இந்தியாவில் அவருடைய பெயரே இருந்தது. அந்தப் பெயருக்கு அவர் கொடுத்த விலை மகன்களும் அரியணையும் சொந்த மண்ணும். எச்சங்கள் யாங்கூனிலேயே இருக்கட்டும் என்று முடிவானாலும், மெஹ்ரோலியின் அந்தக் காலி நிலத்தில் இவ்விவரங்களைச் சொல்லும் ஒரு கல்லை நாட்ட அரசுக்கு எந்த நாட்டின் ஒப்புதலும் தேவையில்லை. வெற்றியையும் குறையையும் ஒளிக்காத வாசகம் அதில் இருந்தால், 1907-ல் ரங்கூனில் நாட்டப்பட்ட கல் செய்யத் தவறியதை அது செய்யும்.